சிகிச்சைக்கு ஆகும் செலவும் கிடைக்கும் பலனும்: புள்ளியியல் வழியில் கணக்கிடுவது எப்படி?

சர்க்கரை நோயால் பாதத்தில் புண் வந்து, ஆறாமல் போய், விரலையோ காலையோ எடுக்க வேண்டி வந்தவர்களைச் சென்னையின் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்) நடத்தி 2023ல் வெளியான இன்டியாப் (INDIAB) சர்க்கரை நோய் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. வெறும் மாத்திரை கொடுத்து அனுப்பாமல், ஒவ்வொரு முறையும் பாதத்தைப் பரிசோதித்து, எம்.சி.ஆர். என்ற மென்மையான ரப்பர் செருப்பு கொடுத்து, நர்ஸ் ஒருவர் போனில் விசாரித்துவந்தால் என்ன ஆகும்? செலவு கூடும். புண்கள் குறையும். கூடுதல் செலவுக்குத் தகுந்த பலன் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்குப் புள்ளியியல் முறைப்படி விடை காண்பது எப்படி என்று முதல் படியிலிருந்து சொல்கிறேன். சமூக மருத்துவம், பொது சுகாதாரம் படிக்கும் மாணவர்களையும், தங்கள் வார்டில் ஒரு புதிய முறையைக் கொண்டுவர நினைக்கும் டாக்டர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். பாதப் பராமரிப்பு உதாரணத்தில் வரும் எண்கள் எல்லாம் கணக்கு புரிவதற்காக நானே போட்டவை. எந்த ஆஸ்பத்திரியின் தரவும் அல்ல.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி ஆய்வுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரே பிழையைத்தான்: அதிகம் செலவான நோயாளி ஏதாவது ஒரு படியில் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார். சில சமயம் விதிவிலக்கு என்று நீக்கப்படுகிறார். சில சமயம் தகவல் முழுமையில்லை என்று விடப்படுகிறார். ஆனால் புதிய முறை வந்ததே அவருக்காகத்தான். அவரைக் கடைசி வரை கணக்கில் வைத்திருக்க வேண்டும். கீழே சொல்லும் முறைகளில் பலவும் அதற்கு உதவுபவை.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

யாருக்கு, எந்த முறையை, எதோடு ஒப்பிட்டு, யாருடைய பார்வையில், எவ்வளவு காலத்துக்கு? இந்த ஐந்தும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். "பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகளுக்கு, வழக்கமான ஓ.பி. சிகிச்சையோடு ஒப்பிட்டால், பாதப் பராமரிப்புத் திட்டம் ஓராண்டில் அரசுக்கும் நோயாளிக்கும் சேர்த்து எவ்வளவு செலவு வைக்கிறது, எவ்வளவு பலன் தருகிறது?" இப்படி எழுதிவிட்டால் பிறகு வரும் சண்டைகளில் பாதி வராது.

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் கவனமாக இருங்கள். ஒன்றுமே செய்யாமல் இருப்பதோடு ஒப்பிட்டால் எந்த சிகிச்சையும் நன்றாகத்தான் தெரியும். இன்று நடப்பில் இருக்கும் முறையோடுதான் ஒப்பிட வேண்டும்.

இதற்குச் சென்னையிலேயே ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. 1956ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 193 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு வீட்டில் இருந்தபடியே சிகிச்சை, இன்னொரு குழுவுக்கு சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் ஆஸ்பத்திரியில். மருந்து இருவருக்கும் ஒன்றுதான்: ஐசோனியசிடும் பி.ஏ.எஸ்ஸும், ஓராண்டுக்கு. 1959ல் முடிவு வெளியானபோது, வீட்டுக் குழுவில் 86 சதவீதம் பேருக்கும் சானடோரியக் குழுவில் 92 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குத் தொற்று அதிகம் பரவவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்களை விட்டு வீட்டுச் சிகிச்சைக்கு மாற இந்த ஆய்வு ஒரு முக்கியமான காரணம்.

ஆனால் 86க்கும் 92க்கும் நடுவே 6 புள்ளி இருக்கிறது. இந்த அளவு ஆய்வில் அந்த வித்தியாசத்தின் நம்பிக்கை இடைவெளி (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வரம்பு) பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும், மேலே 15 புள்ளி வரையும் போகும். "குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை" என்றால் "இரண்டும் சமம்" என்று அர்த்தமாகாது. பலன் சமம் என்று முடிவுகட்டிவிட்டு, செலவை மட்டும் ஒப்பிட்டு மலிவானதைத் தேர்ந்தெடுப்பது இன்றும் பல ஆய்வேடுகளில் நடக்கிறது. அப்படிச் செய்யாதீர்கள். பலன் வித்தியாசத்தை அதன் நிச்சயமின்மையோடு சேர்த்தே கணக்கின் கடைசி வரை கொண்டுபோங்கள்.

படி 2: செலவைச் சேகரிப்பது

அதிக நேரம் பிடிக்கும் வேலை இதுதான். அவசரப்பட வேண்டாம்.

ஜி.ஹெச்சில் நோயாளிக்கு பில் வராது. அதனால் செலவு பூஜ்யம் என்று எழுதிவிட முடியாது. டாக்டர் செலவிட்ட நேரம், நர்ஸின் சம்பளம், டிரெஸ்ஸிங் பொருள்கள், படுக்கை, மின்சாரம், கட்டடம் எல்லாவற்றுக்கும் யாரோ பணம் கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றையும் "எத்தனை பயன்பட்டது, ஒன்றின் விலை என்ன" என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். எத்தனை டிரெஸ்ஸிங், எத்தனை நாள் படுக்கை, எத்தனை ஆன்டிபயாடிக் ஊசி என்பது நோயாளிக்கு நோயாளி மாறும். ஒன்றின் விலை எல்லோருக்கும் பொது. இரண்டையும் முதலிலேயே பெருக்கி ஒரே எண்ணாக வைத்துவிட்டால், பிறகு விலை மாறினால் என்ன ஆகும் என்று சோதிக்க வழி இருக்காது.

விலை எங்கிருந்து எடுப்பது? அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவது 1994ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். டெண்டர் முறையில் மொத்தமாக வாங்குவதால் அதன் விலை வேறு, அதே மாத்திரைக்கு மருந்துக்கடை அட்டையில் அச்சிட்டிருக்கும் விலை வேறு. அரசின் பார்வையில் கணக்குப் போட்டால் கழகத்தின் விலை, நோயாளி வெளியே வாங்கியிருந்தால் அவர் கொடுத்த விலை. ஓ.பி., வார்டு, ஆபரேஷன் தியேட்டர் போன்றவற்றுக்கு சண்டிகர் பி.ஜி.ஐ.எம்.இ.ஆர். மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் தொகுத்துள்ள தேசியச் செலவுத் தரவுத்தளம் கைகொடுக்கும்.

காப்பீட்டுத் திட்டத்தின் பேக்கேஜ் தொகையைச் செலவாக எடுத்துக்கொள்பவர்கள் நிறைய பேர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று நிர்ணயித்திருப்பது விலை. அந்த அறுவை சிகிச்சைக்கு உண்மையில் ஆகும் செலவு அதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம். காப்பீட்டாளரின் பார்வையில் ஆய்வு செய்தால் பேக்கேஜ் தொகையே சரி. ஆஸ்பத்திரிச் செலவையும் போட்டு, காப்பீட்டிலிருந்து வந்த தொகையையும் கூட்டினால் ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

நோயாளியின் கையிலிருந்து போகும் பணத்தை விட்டுவிடாதீர்கள். விழுப்புரத்திலிருந்து வருபவர் கிளாம்பாக்கத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி, இன்னொரு பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்து, மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் வந்து, ஜி.ஹெச்சில் டிரெஸ்ஸிங் செய்துகொண்டு திரும்ப ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அவருக்கும் துணைக்கு வந்தவருக்கும் அன்றைய கூலி இல்லை. சாப்பாட்டுச் செலவு வேறு. வாரம் இரண்டு முறை டிரெஸ்ஸிங் என்றால் இதுவே மாதம் எட்டு நாள் கூலி. இந்த வரி உங்கள் படிவத்தில் இல்லையென்றால், வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிரெஸ்ஸிங் செய்வதன் அருமை கணக்கில் தெரியவே தெரியாது.

கேட்கும் காலம் குறுகியதாக இருக்கட்டும். ஓ.பி. வருகை, பயணச் செலவு போன்றவற்றைக் கடந்த ஒரு மாதத்துக்கும், ஆஸ்பத்திரியில் தங்கியதைக் கடந்த ஓராண்டுக்கும் கேட்டால் ஓரளவு ஞாபகமாகச் சொல்வார்கள். வெவ்வேறு ஆண்டுகளில் நடந்த செலவுகளை நுகர்வோர் விலைக் குறியீட்டைக் கொண்டு ஒரே ஆண்டின் ரூபாய்க்கு மாற்றி, எந்த ஆண்டு என்பதையும் எழுதுங்கள்.

படி 3: பலனை அளப்பது

புண் ஆறியதா இல்லையா என்று மட்டும் அளந்தால் கால் புண் திட்டத்தை டயாலிசிஸ் திட்டத்தோடு ஒப்பிட முடியாது. அதற்காகத்தான் குவாலி என்ற அலகு: வாழும் காலத்தை அந்தக் காலத்தின் உடல்நலத் தரத்தால் பெருக்குவது. முழு நலத்தோடு ஓராண்டு வாழ்ந்தால் 1 குவாலி. 0.6 தரத்தில் ஓராண்டு என்றால் 0.6.

தரத்தை அளக்க ஈக்யூ-5டி-5எல் வினாப்படிவம் பரவலாகப் பயன்படுகிறது. நடமாட்டம், தன்னைக் கவனித்துக்கொள்வது, அன்றாட வேலைகள், வலி, மனக்கவலை என்று ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலைகள். ஆக 3,125 உடல்நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு மதிப்பு என்பதற்கு 3,548 இந்தியர்களிடம் கேட்டு உருவாக்கிய மதிப்புத் தொகுப்பு 2022ல் வெளியானது. அதையே பயன்படுத்துங்கள். இங்கிலாந்தின் தொகுப்பை எடுத்துப் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை, இனி அதற்கு அவசியமும் இல்லை. இந்தியத் தொகுப்பில் மிக மோசமான நிலையின் மதிப்பு -0.923. சாவைவிடக் கொடுமை என்று மக்கள் நினைக்கும் நிலைகளும் இருக்கின்றன என்பதால்தான் எண் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது.

ஒரு நோயாளியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சேரும்போது 0.60, ஆறு மாதத்தில் 0.70, ஓராண்டில் 0.80. முதல் அரையாண்டு: 0.60க்கும் 0.70க்கும் சராசரி 0.65, அதில் பாதி 0.325. அடுத்த அரையாண்டு: 0.75ல் பாதி 0.375. கூட்டினால் 0.70 குவாலி. வரைபடத்தில் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் இது.

சரி, ஒருவர் எட்டாவது மாதம் இறந்துவிட்டால்? அன்றிலிருந்து அவருடைய மதிப்பு 0, செலவும் 0. "தகவல் இல்லை" என்று காலியாக விட்டு, சாஃப்ட்வேர் அவருடைய வரியையே தூக்கிப்போட்டால், இறப்பு அதிகமான சிகிச்சை நல்ல சிகிச்சையாகத் தெரியும். எக்செல் ஷீட்டில் காலிக் கட்டமும் பூஜ்யமும் பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான். இந்த ஒரு இடத்தை மட்டுமாவது இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

தொடக்கத்தில் இரு குழுக்களும் ஒரே நிலையில் இருந்தனவா என்பதும் முக்கியம். நம் உதாரணத்தில் புதிய முறைக் குழுவின் சராசரி 0.04 குவாலி அதிகம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தக் குழுவினர் சேரும்போதே 0.03 மேலே இருந்தார்கள். குவாலியைச் சார்பு மாறியாகவும், சிகிச்சைக் குழுவையும் தொடக்க மதிப்பையும் காரணிகளாகவும் வைத்து ரிக்ரெஷன் (ஒவ்வொரு காரணியின் பங்கையும் தனியாகப் பிரித்துக் காட்டும் சமன்பாடு) போட்டால், தொடக்க மதிப்பின் கெழு, அதாவது அதன் பங்கைக் காட்டும் எண், 0.8 என்று வருகிறது. 0.03ஐ 0.8ஆல் பெருக்கினால் 0.024. அதைக் கழித்தால் உண்மையான வித்தியாசம் 0.016தான். ரேண்டமைஸ் செய்த, அதாவது குலுக்கல் முறையில் குழுக்களைப் பிரித்த, ஆய்வானாலும் இந்தத் திருத்தத்தைச் செய்தே ஆக வேண்டும். இது முடிவையே மாற்றக்கூடியது என்பதைப் படி 6ல் பார்ப்போம்.

படி 4: பெரிய பில்லை என்ன செய்வது?

பத்துப் பேரின் ஓராண்டுச் செலவு, ரூபாயில்: 3,800, 4,200, 4,700, 4,900, 5,100, 5,200, 5,500, 6,000, 6,300, 1,84,300. கடைசியில் இருப்பவருக்கு முழங்காலுக்குக் கீழே கால் எடுத்திருக்கிறார்கள்.

சராசரி 23,000. இடைநிலை அளவு 5,150. மடக்கை எடுத்துச் சராசரி பார்த்துத் திரும்ப மாற்றினால் ஏறத்தாழ 7,200. மூன்றில் எதை எடுப்பது?

புள்ளியியல் வகுப்பில், இப்படி ஒரு பக்கம் நீண்டுபோகும் கோணலான பரவலுக்கு இடைநிலை அளவைப் பயன்படுத்து, மான்-விட்னி சோதனை போடு என்று சொல்லித்தந்திருப்பார்கள். மற்ற இடங்களில் அது சரி. இங்கே அது உதவாது. பட்ஜெட் போடுபவருக்குத் தேவை மொத்தத் தொகை. இந்தப் பத்துப் பேருக்கு ஆன மொத்தம் 2,30,000. சராசரியைப் பத்தால் பெருக்கினால் அது வரும். இடைநிலை அளவைப் பெருக்கினால் 51,500தான் வரும், மீதிப் பணத்தை யார் கொடுப்பது? அந்த 1,84,300ஐ "விதிவிலக்கு" என்று நீக்கினால் மீதி ஒன்பது பேரின் சராசரி 5,078. பாதப் பராமரிப்பால் தடுக்க நினைத்ததே அந்தக் காலை எடுத்த செலவைத்தானே. அதை நீக்கிய பிறகு புதிய முறை ஒரு வீண் செலவாகத்தான் தெரியும்.

அந்த எண் தவறாக ஏறியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் கேஸ் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். ஒரு பூஜ்யம் கூடிப்போயிருந்தால் திருத்துங்கள். உண்மையான செலவென்றால் கை வைக்காதீர்கள்.

அப்படியென்றால் கோணலைச் சமாளிப்பது எப்படி? சில வழிகள் உண்டு. நோயாளிகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் சாதாரண டி சோதனையே சராசரிகளை ஒப்பிடப் பெரும்பாலும் போதும், ஏனென்றால் அப்போது தரவு கோணலாக இருந்தாலும் சராசரியின் பரவல் சீராகிவிடும். குறைவாக இருந்தால் பூட்ஸ்ட்ராப் நல்லது, அதைப் படி 7ல் சொல்கிறேன். வயது, நோய்க்காலம், முன்பு புண் வந்த வரலாறு போன்றவற்றைச் சேர்த்துக் கணக்கிட வேண்டுமென்றால், பெரிய எண்கள் பக்கம் நீண்ட வால் கொண்ட காமா பரவலும் மடக்கை இணைப்பும் கொண்ட பொதுமை நேரியல் மாடலைப் போடுங்கள். அது சராசரியையே நேரடியாக மாடல் செய்வதால் ரூபாய்க்குத் திரும்ப மாற்றும் தலைவலி கிடையாது. செலவின் மடக்கையில் சாதாரண ரிக்ரெஷன் போட்டவர்கள், திரும்ப மாற்றும்போது டுவான் 1983ல் தந்த ஸ்மியரிங் திருத்தத்தைச் செய்ய வேண்டும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

நிறைய பேருக்கு ஆஸ்பத்திரிச் செலவு பூஜ்யம் என்றால் இரண்டு பாகமாகப் பிரியுங்கள்: அட்மிட் ஆவதற்கான நிகழ்தகவு ஒரு லாஜிஸ்டிக் மாடலில், அட்மிட் ஆனவர்களின் செலவு ஒரு காமா மாடலில். இரண்டையும் பெருக்கினால் ஒருவருக்கான எதிர்பார்ப்புச் செலவு.

தனித்தனி ஆட்களை அல்லாமல் சுகாதார நிலையங்களையே ரேண்டமைஸ் செய்திருந்தால் இன்னொரு விஷயம் சேரும். ஒரே நிலையத்துக்கு வருபவர்கள் பல வகையில் ஒத்திருப்பார்கள். நிலையத்துக்கு 30 பேர், அந்த ஒற்றுமையை அளக்கும் உள்தொடர்புக் கெழு 0.05 என்றால் வடிவமைப்பு விளைவு 1 + 29 × 0.05 = 2.45. உங்களிடம் இருக்கும் 300 பேர் சுமார் 122 பேருக்குத்தான் சமம். நிலையத்தையும் நோயாளியையும் தனித்தனிப் படியாக வைக்கும் பலபடிநிலை மாடல் போடாவிட்டால், கணக்கு இல்லாத துல்லியத்தைக் காட்டும்.

படி 5: பாதியில் நின்றவர்கள்

யார் பாதியில் நிற்கிறார்கள்? புண் ஆறி வேலைக்குப் போனவரும் நிற்பார், நடக்கவே முடியாமல் வீட்டில் கிடப்பவரும் நிற்பார். முழுத் தகவல் உள்ளவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் இரண்டு ஓரத்தையும் இழந்துவிடுவோம்.

விட்டுப்போன தகவலுக்குப் பன்முக இட்டுநிரப்பல் செய்யுங்கள். ரூபின் வகுத்த முறை அது. ஒரு காலிக் கட்டத்துக்கு ஒரே எண்ணைப் போடாமல், பல சாத்தியமான எண்களைப் போட்டுப் பல தரவுத்தொகுப்புகள் உருவாக்கி, ஒவ்வொன்றிலும் பகுப்பாய்வு செய்து, கடைசியில் முடிவுகளைச் சேர்ப்பது. செலவு கோணலானது என்பதால் உண்மையில் நிகழ்ந்த மதிப்புகளிலிருந்தே எடுக்கும் முன்கணிப்புச் சராசரிப் பொருத்தம் பாதுகாப்பானது. இரு குழுக்களுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். அப்புறம், நின்றவர்களின் நிலை நாம் நிரப்பியதைவிட 10 சதவீதம் மோசமாக இருந்திருந்தால் முடிவு மாறுமா என்றும் பாருங்கள். மாறினால் அதை மறைக்காமல் எழுதுங்கள்.

ஆய்வு முடியும் நேரத்தில் சிலருக்கு ஓராண்டு நிறைந்திருக்காது. இது சென்சாரிங். உயிர்வாழ்வுக் கணக்குக்குப் பயன்படும் கப்லான்-மையர் முறையை ரூபாயின் மேல் அப்படியே போடுவது தவறு. வேகமாகச் செலவாகும் நோயாளி, தொடர்ந்து பார்க்கும் காலம் முடியும்போதும் அதிகச் செலவில் இருப்பார், முழுக்கப் பார்த்திருந்தாலும் அதிகச் செலவில் இருந்திருப்பார். அதனால் சென்சாரிங் இங்கே செலவிலிருந்து சுதந்திரமானதல்ல. காலத்தை மாதங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மாதத்திலும் இன்னும் பார்வையில் இருப்பவர்களுக்கு எடை கொடுங்கள். எட்டாவது மாதத்தில் பார்வையில் இருக்கும் நிகழ்தகவு 0.8 என்றால், அப்போது இருப்பவர் ஒவ்வொருவரும் 1.25 பேராக எண்ணப்படுவார். பாங், சியாட்டிஸ் இருவரும் 2000ல் வெளியிட்ட முறையின் சாரம் இதுதான்.

படி 6: விகிதமும் நிகரப் பலனும்

கூடுதல் செலவைக் கூடுதல் பலனால் வகுத்தால் ஐசர் (ICER) என்ற விகிதம். புதிய முறைக்கு சராசரி 27,000, பழைய முறைக்கு 23,000. வித்தியாசம் 4,000. திருத்தம் செய்யாத பலன் 0.04 என்றால், ஒரு குவாலிக்கு 1,00,000 ரூபாய்.

இது அதிகமா குறைவா? மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் இயங்கும் எச்.டி.ஏ.இன் (HTAIn) என்ற மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு, தலா மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ஒரு மடங்கை எல்லையாக வைத்துப் பார்க்கிறது. சேத்துப்பட்டு காசநோய் நிறுவனமும் அதன் பிராந்திய மையங்களில் ஒன்று. அந்தத் தலா மதிப்பு 2023-24ல் ஏறத்தாழ 2.1 லட்சம் ரூபாய். பழைய கட்டுரைகளில் மூன்று மடங்கு வரை ஏற்கலாம் என்று பார்த்திருப்பீர்கள். அதை ஒரு முடிவு விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே 2016ல் எழுதினார்கள். கணக்கு எளிமைக்காக 2 லட்சம் என்று வைத்தால், 1 லட்சம் அதற்கு உள்ளேதான் இருக்கிறது.

இப்போது தொடக்க மதிப்பைத் திருத்திய 0.016ஐப் போடுங்கள். 4,000ஐ 0.016ஆல் வகுத்தால் 2,50,000. எல்லைக்கு வெளியே போய்விட்டது. நோயாளிகள் அதே ஆட்கள், பில்கள் அதே பில்கள். ஒரு வரி ரிக்ரெஷன் பதிலைத் திருப்பிவிட்டது.

ஐசருக்கு ஒரு தீராத கோளாறு உண்டு. செலவு 4,000 குறைந்து பலன் 0.04 கூடினால் விகிதம் -1,00,000. செலவு 4,000 கூடி பலன் 0.04 குறைந்தாலும் -1,00,000. ஒன்று எல்லோரும் விரும்பும் நிலை, மற்றது யாருமே விரும்பாத நிலை, எண் மட்டும் ஒன்று. அதனால் நான் நிகரப் பணப் பலனையே முதலில் பார்க்கச் சொல்வேன்: பலனை எல்லைத் தொகையால் பெருக்கி, கூடுதல் செலவைக் கழிப்பது. 0.04 × 2,00,000 - 4,000 = 4,000. திருத்திய பிறகு 0.016 × 2,00,000 - 4,000 = -800. பூஜ்யத்துக்கு மேலே என்றால் ஏற்கலாம், கீழே என்றால் கூடாது. குழப்பத்துக்கு இடமில்லை, ரிக்ரெஷனிலும் நேராகப் போடலாம்.

படி 7: எவ்வளவு நிச்சயம்?

பூட்ஸ்ட்ராப்பை எஃப்ரான் 1979ல் அறிமுகப்படுத்தினார். செய்யும் விதம்: ஒவ்வொரு குழுவிலிருந்தும் அதே எண்ணிக்கையில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில், திரும்பவும் வர அனுமதித்து, எடுங்கள். சராசரிச் செலவு வித்தியாசத்தையும் பலன் வித்தியாசத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இதை 5,000 முறை செய்யுங்கள். ஆர் மென்பொருளில் பத்துப் பதினைந்து வரிகளில் முடிந்துவிடும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். நோயாளியின் முழு வரியையும் சேர்த்து எடுக்க வேண்டும். செலவைத் தனியாகவும் பலனைத் தனியாகவும் குலுக்கினால் இரண்டுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும். காலை இழந்தவருக்குச் செலவும் அதிகம், வாழ்க்கைத் தரமும் குறைவு. அந்த இரண்டும் ஒரே மனிதருக்கு நடந்தவை. தொடக்க மதிப்புத் திருத்தத்தையும் இட்டுநிரப்பலையும் சேர்த்தே இந்தச் சுழற்சியை ஓட்டுங்கள்.

கிடைக்கும் 5,000 புள்ளிகளைச் செலவு-பலன் தளத்தில் (ஒரு அச்சில் செலவு வித்தியாசம், மற்றதில் பலன் வித்தியாசம்) போட்டால், மேகம் போல எந்தப் பக்கம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரியும். நிகரப் பலன் பூஜ்யத்தைத் தாண்டும் புள்ளிகள் எத்தனை? 5,000ல் 3,100 என்றால், 2 லட்ச ரூபாய் எல்லையில் இந்தத் திட்டம் தகுதியானது என்பதற்கான நிகழ்தகவு 62 சதவீதம். எல்லையை 50,000, 1,00,000, 1,50,000 என்று மாற்றி இதையே கணக்கிட்டுக் கோடு வரைந்தால் ஏற்புவளைவு கிடைக்கும். பி மதிப்பு 0.05க்குக் கீழே இருக்கிறதா என்று இங்கே தேட வேண்டாம். முடிவெடுப்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், எதையும் செய்யாமல் இருப்பதும் பழைய முறையைத் தேர்ந்தெடுத்ததாகத்தான் ஆகும்.

படி 8: ரேண்டமைஸ் செய்யாத தரவு என்றால்

காப்பீட்டுத் தரவோ ஆஸ்பத்திரிப் பதிவேடோ மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் வேலை இரட்டிப்பு. சிறப்புச் செருப்பு வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே புண் வந்தவர்கள். நேராக ஒப்பிட்டால் செருப்பு போட்டதால்தான் கால் போனது என்று தெரியும். வயது, சர்க்கரை அளவு, சிறுநீரகப் பாதிப்பு, முந்தைய புண் எல்லாவற்றையும் வைத்து, ஒருவருக்குப் புதிய முறை கிடைப்பதற்கான நிகழ்தகவைக் கணித்து, அதன்படி எடை போட்டோ ஜோடி சேர்த்தோ ஒப்பிடுங்கள். பதிவேட்டில் இல்லாத காரணிகளை எந்தச் சூத்திரமும் சரிசெய்யாது.

"ஆறு மாதம் தொடர்ந்து நர்ஸிடம் பேசியவர்கள்" என்று குழுவைப் பிரிக்காதீர்கள். ஆறு மாதம் பேசியவர் அந்த ஆறு மாதமும் உயிரோடு இருந்திருக்கிறார். அவருக்கு அது இலவசச் சலுகை. தகுதி கிடைத்த நாளையே இருவருக்கும் தொடக்க நாளாக வையுங்கள்.

படி 9: ஓராண்டுக்கு அப்பால்

செருப்பின் பலன் ஓராண்டில் முடிவதில்லை. அதற்கு மார்க்கோவ் மாடல்: புண் இல்லை, புண், கால் இழப்பு, இறப்பு என்று நான்கு நிலைகள், மாதா மாதம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நிகழ்தகவுகள். ஆண்டு நிகழ்தகவை 12ஆல் வகுத்து மாத நிகழ்தகவு என்று போடுவது தவறு. ஆண்டுக்கு 20 சதவீதம் என்றால் மாதத்துக்கு 1 - 0.8^(1/12), அதாவது 1.84 சதவீதம். 1.67 அல்ல.

எதிர்காலச் செலவையும் பலனையும் ஆண்டுக்கு 3 சதவீதம் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். இந்திய வழிகாட்டுதல் அதுதான். பத்தாண்டு கழித்து வரும் 2,00,000 ரூபாய் இன்று சுமார் 1,48,800.

மாடலில் போடும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பரவல் கொடுங்கள். 80 பேரில் 12 பேருக்குப் புண் வந்தது என்றால் பீட்டா(12, 68). செலவின் சராசரி 23,000, திட்டப் பிழை 5,000 என்றால் காமா பரவல்: வடிவ அளவு 21.16, அளவுகோல் சுமார் 1,087. இவற்றிலிருந்து ஆயிரக்கணக்கான முறை எண்களை எடுத்து மாடலை ஓட்டினால், படி 7ல் பார்த்த அதே மேகமும் வளைவும் கிடைக்கும். ஆர் மென்பொருளில் ஹீமாட், பி.சி.இ.ஏ. ஆகிய தொகுப்புகள் இதற்கென்றே இலவசமாக இருக்கின்றன.

படி 10: எழுதுவதும் பட்ஜெட் போடுவதும்

அறிக்கைக்கு, இத்தகைய ஆய்வுகளில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் சியர்ஸ் (CHEERS) 2022 பட்டியலின் 28 அம்சங்களையும் ஆய்வு தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள். கடைசியில் படித்தால், சேகரிக்காமல் விட்ட தகவல் எது என்று தெரிந்து வருத்தப்படத்தான் நேரம் இருக்கும். செலவு வித்தியாசம், பலன் வித்தியாசம், நிகரப் பலன் மூன்றையும் நம்பிக்கை இடைவெளிகளோடு கொடுங்கள். ஐசரை மட்டும் ஒற்றை எண்ணாகக் கொடுக்காதீர்கள். நோயாளியின் கைச்செலவைத் தனி வரியாகக் காட்டுங்கள். அரசுக்கு மிச்சமாகி நோயாளியின் தலையில் விழுந்த செலவு, மொத்தத்தில் கலந்துவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது.

செலவுக்குத் தகுந்த பலன் இருக்கிறது என்று தெரிந்த பிறகும், பணம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஆளுக்குக் கூடுதலாக 4,000 ரூபாய், தகுதியானவர்கள் 50,000 பேர் என்றால் ஆண்டுக்கு 20 கோடி. எல்லோரும் முதல் ஆண்டிலேயே சேர மாட்டார்கள், அதனால் எத்தனை சதவீதம் பேர் எந்த ஆண்டில் சேர்வார்கள் என்று பிரித்து ஐந்தாண்டுக்குப் போடுங்கள். பட்ஜெட் கணக்கில் 3 சதவீதக் கழிவு செய்யக் கூடாது, அந்தந்த ஆண்டில் கையிலிருந்து போகும் ரூபாய் அப்படியே நிற்க வேண்டும். 20 கோடி இல்லை, 8 கோடிதான் இருக்கிறது என்றால் யாருக்கு முதலில் கொடுப்பது என்பதற்கும் தரவிலேயே வழி இருக்கிறது: ஏற்கெனவே ஒரு முறை புண் வந்தவர்களை ஒரு துணைக்குழுவாக, ஆய்வு தொடங்கும் முன்பே அறிவித்து, ரிக்ரெஷனில் சிகிச்சையோடு இடைவினை உறுப்பு (துணைக்குழுவில் பலன் மாறுகிறதா என்று காட்டும் காரணி) சேர்த்து அவர்களின் நிகரப் பலனைத் தனியாகக் கணக்கிட்டுவையுங்கள்.